கள்ளிப்பழத்துக்கு ஏற்றது ஜெல்லி

விருத்தாசலம் வட்டாரத்துச் செம்மண் தரிசில் சப்பாத்திக்கள்ளி பழுத்துக் கிடந்தால், ஆடு மேய்க்கிற பிள்ளைகள் பறித்துத் தின்பார்கள். மற்றவர்கள் ஒதுங்கிப் போவார்கள். கம்பெனி காலத்தில் சென்னையில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் கள்ளித் தோட்டம் போட்டதுகூடச் சிவப்புச் சாயம் தரும் பூச்சியை வளர்க்கத்தானே தவிர, பழத்துக்காக அல்ல. பின்னாளில் கள்ளி நிலத்தை அடைத்துக்கொண்டபோது, 1926இல் இலங்கையிலிருந்து அதே பேரினத்தைச் சேர்ந்த வேறொரு பூச்சியைக் கொண்டுவந்துதான் அதை ஒடுக்கினார்கள். பழத்தை ஒதுக்கக் காரணமும் இருக்கிறது. தோலெங்கும் கண்ணுக்குத் தெரியாத சுணைமுள், உள்ளே பல்லுக்கு மசியாத விதை. இரண்டையும் ஒருசேர விலக்குவது ஜெல்லிதான் என்பது என் கட்சி. இடுக்கியால் பறித்து, தணலில் வாட்டிச் சுணையைப் பொசுக்கி, வேகவைத்து மசித்து, மல்லுத்துணியில் கட்டித் தொங்கவிட வேண்டும். அவசரப்பட்டுப் பிழிந்தால் சாறு கலங்கும், தப்பிய சுணையும் கூடவே இறங்கும். இந்தப் பழத்தில் பெக்டின் குறைவு. அதனால் செங்காய்க் கொய்யாவை வேகவைத்த நீரும் எலுமிச்சைச் சாறும் சேர வேண்டும். சர்க்கரை ஏறக்குறைய சாற்றின் அளவு. கரண்டியைச் சாய்த்தால் சொட்டாமல் தகடாக விழுவதே பதம். பீட்ரூட்டில் உள்ள வகை நிறமிதான் இதிலும். நெடுநேரம் கொதித்தால் பழுப்பேறிவிடும். ஆகவே அகன்ற பாத்திரத்தில், கொஞ்சம் கொஞ்சமாக, சுருக்கக் காய்ச்சுவதில்தான் கைத்திறன்.

சர்க்கரையில் காய்ச்சினால் மருந்துக் குணம் போய்விடாதா என்று கேட்பார்கள். வைட்டமின் சி குறையும், உண்மைதான். ஆனால் சிவப்பாக இருப்பதாலேயே இது ரத்தம் ஊறச் செய்யும் என்பதற்கு ஆதாரமில்லை. அந்தச் சிவப்பு இரும்புச்சத்தும் அல்ல. இதை இனிப்பாக மதிப்பதே நேர்மை, சர்க்கரை நோயாளிக்கு இது ஆகாது. இத்தனை பாடுபட்டு ஒரு பாட்டிலா, கடையில் ஜாம் கிடைக்காதா என்பது இன்னொரு கேள்வி. கடை ஜாமில் கிடைக்காதது இந்த நிறம். அதைக் காசுக்கணக்கில் பார்த்தால் நஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். விருத்தாசலம் பீங்கான் ஊர், அங்குள்ளவர்கள் ஜெல்லியைப் பீங்கான் ஜாடியில் ஊற்ற ஆசைப்படலாம். ஊறுகாய் ஜாடி போல உணவுக்கென்றே செய்ததாக இருந்தால் சரி. அலங்காரப் பாண்டம் வேண்டாம். ஈயம் கலந்த மெருகாக இருந்தால் எலுமிச்சைப் புளிப்பு ஈயத்தைக் கரைத்துவிடும். கொதிநீரில் சுத்தம்செய்த கண்ணாடிப் பாட்டில் போதும், நிறமும் வெளியே தெரியும்.