பூட்டைத் திற, மண்ணைக் கொடு

கட்டட வேலைக்கும் மூட்டை தூக்கவும் இந்தப் பெங்களூருக்கு வந்த என் தோழர்களே!

கே.ஆர். மார்க்கெட் மேம்பாலத்துக்கு அடியில் நடு ராத்திரியில் போய்ப் பாருங்கள். கோணியை விரித்து, திருட்டுப் போகாமல் செருப்பைத் தலைக்கு வைத்து, ஒருவர் சுருண்டு கிடப்பார். விடியுமுன் காய்கறி லாரி வந்து நின்றால் முதல் மூட்டை ஏறுவது அவர் தோளில்தான். ஊருக்கே சோறு போடுகிற அந்த மனிதரைச் சட்டம் என்னவென்று பார்க்கிறது? பிழைக்க வழி இல்லாதவர்போல் தெருவில் தென்பட்டாலே பிச்சைக்காரர் என்று பிடிக்க இடம் கொடுக்கிறது 1975ஆம் ஆண்டுக் கர்நாடகப் பிச்சைத் தடைச் சட்டம்! பிடித்தவர்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மாகடி ரோட்டு நிராஷ்ரிதர பரிஹார கேந்திரத்தில். நாம் பெக்கர்ஸ் காலனி என்கிறோமே, அதுதான்.

2010 ஆகஸ்ட்டில் அங்கே நடந்ததை மறக்க முடியுமா? வாந்தியும் பேதியுமாய் மனிதர்கள் அடுத்தடுத்து மாண்டார்கள். அந்த ஒரே ஆண்டில், சில மாதங்களுக்குள், இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. காப்பதற்கென்று கட்டிய இடம் அது. வேலியே பயிரை மேய்ந்தது!

காசில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சொத்து வரியோடு நூற்றுக்கு மூன்று ரூபாய் பிச்சை ஒழிப்பு வரி உங்களிடம் வசூலாகிறது. வாடகைக்கு இருப்பவர் வாடகை வழியாக அதைக் கட்டுகிறார். நிலமில்லை என்றும் சொல்ல முடியாது. நகரம் நெருக்கியடிக்கும் மாகடி ரோட்டில் அந்தக் காலனிக்கு ஏக்கர் ஏக்கராக நிலம் கிடக்கிறது. இல்லாதது ஒன்றுதான்: உள்ளே இருப்பவரை மனிதராக மதிக்கிற எண்ணம்.

பக்கத்திலேயே சுமனஹள்ளி மறுவாழ்வு மையம் இருக்கிறது. தேவராஜ் அர்ஸ் முதல்வராக இருந்தபோது, தொழுநோயாளிகளுக்காக அரசு குத்தகைக்குக் கொடுத்த நிலத்தில் எழுந்தது அது. ஊர் ஒதுக்கியவர்கள் அங்கே தோல் வேலை கற்றார்கள், தையல் கற்றார்கள். அந்த நிலத்தையும் திரும்ப வாங்க வேண்டும் என்ற பேச்சு சட்டசபை வரை போனது. மனைக்கு விலை ஏறினால் ஏழையின் குத்தகைதான் எல்லார் கண்ணையும் உறுத்துகிறது.

ஒதுக்கப்பட்டவரை மனிதராக மதித்தவர்களும் உண்டு. பாரிசுக்கு அருகே 1949இல் ஆபே பியர் என்ற பாதிரியார், சாகத் துணிந்த ஒருவரிடம், உனக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை, வீடு கட்ட எனக்குக் கை கொடு என்றாராம். எம்மாவுஸ் என்ற இயக்கம் அப்படித்தான் தொடங்கியது. இன்று பல நாடுகளில் வீடற்றவர்கள் அதில் சேர்ந்து வாழ்கிறார்கள், சேர்ந்து உழைக்கிறார்கள்.

அப்படிச் சேர்ந்து வாழ்ந்து உழைப்பது நமக்கு இன்னும் எளிது. மேம்பாலத்துக்கு அடியில் படுத்திருப்பவர்களின் ஊரைக் கேளுங்கள். தர்மபுரி என்பார், ராய்ச்சூர் என்பார். கிணறு வற்றி, கடன் ஏறி, காட்டை விட்டு வந்த விவசாயிகள்! கேழ்வரகு நாற்றை எத்தனை விரற்கடை விட்டு நடுவது என்று அதிகாரி அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாகடி ரோட்டுக் காலனி நிலத்தைத் திறந்து, அவர்கள் கையில் மண்வெட்டியைக் கொடுங்கள். நாலு கறவை மாடு கொடுங்கள். விளைந்ததில் பங்கும், செய்த வேலைக்குக் கூலியும் கொடுங்கள். நிர்வாகக் குழுவில் அவர்களுக்கு நாற்காலி போடுங்கள்.

எல்லாராலும் மண்வெட்டி பிடிக்க முடியாது, தெரியும். மனம் கலங்கியவர்கள் இருக்கிறார்கள், படுக்கையில் விழுந்த முதியவர்கள் இருக்கிறார்கள். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இதே ஊரில்தானே இருக்கிறது? மருத்துவரைக் காலனிக்கு வரவழையுங்கள். தொட்டகுப்பியில் ஆட்டோ ராஜா, ஆட்டோ ஓட்டிய ஒரு சாதாரண மனிதர், புழு வைத்த புண்ணைத் தன் கையால் கழுவி தெருவில் கிடந்த ஆயிரக்கணக்கானோரைப் பராமரித்திருக்கிறார். வரி வாங்குகிற அரசுக்கு அது ஏன் முடியாது?

காலனி வெளிக்கதவின் பூட்டு போக வேண்டும். வருபவர் தாமாக வரட்டும், போக நினைத்தால் போகட்டும். அந்த நிலத்தில் ஒரு சென்ட்கூட விற்பனைக்குப் போகக்கூடாது.

அடுத்த முறை சொத்து வரி கட்டும்போது ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்: இந்த மூன்று ரூபாய் எங்கே போகிறது? தனியாகக் கேட்காதீர்கள். தெருவாகத் திரண்டு போய்க் கேளுங்கள்!