ரயிலுக்குள் போட்ட சொட்டு மருந்து

இன்று பட்டம் பெறும் இளம் மருத்துவர்களே,

2009இல் நம் நாட்டில் 741 குழந்தைகளை போலியோ எனும் இளம்பிள்ளை வாதம் தாக்கியது. அந்த ஆண்டில் வேறெந்த நாட்டிலும் இத்தனை பேர் இல்லை. பெரும்பாலோர் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும். பிழைப்புக்காக அங்கிருந்து கிளம்பிய குடும்பங்களோடு கிருமியும் ஊர் ஊராகப் போனது. மறு ஆண்டு தஜிகிஸ்தானில் 400க்கும் மேற்பட்டோரை முடக்கிய வைரஸின் மரபணுவைப் பார்த்தபோது, அதன் பூர்வீகம் வட இந்தியா என்று தெரிந்தது.

சொட்டு மருந்து போட வீடு வீடாகப் போன ஊழியர்கள் பல இடங்களில் பூட்டிய கதவைத்தான் பார்த்தார்கள். குடும்பமே செங்கல் சூளைக்குப் போயிருக்கும். ஆகவே சூளைகள், கட்டட வேலை நடக்கும் இடங்கள், நாடோடிகளின் கூடாரங்கள் என்று தேடித்தேடிக் கணக்கெடுத்தார்கள். பீகாரில் பெரிதாகக் கொண்டாடப்படும் சத் பூஜைக்கு ஊர் திரும்பும் கூட்டத்தை ரயில் நிலையத்திலும் ஓடும் ரயிலிலும் பிடித்தார்கள். தோளில் ஐஸ் பெட்டி. குப்பியின் லேபிளில், வட்டத்துக்குள் ஒரு சின்னச் சதுரம். அது வட்டத்தின் நிறத்துக்குக் கறுத்துவிட்டால் அந்த மருந்தைத் தொடக்கூடாது. நெரிசலுக்குள் நுழைந்து, தாயின் மடியில் தூங்கும் பிள்ளையை எழுப்பி இரண்டு சொட்டு. இடக்கைச் சுண்டுவிரலில் மை. அடுத்த நிலையத்தில் ஏறும் ஊழியர் அந்த விரலைத்தான் முதலில் பார்ப்பார். பாடப்புத்தகத்தில் இவர்கள் பெயர் இருக்காது. போலியோவை ஒழித்த வெற்றியில் பெரும்பங்கு இவர்களுடையது என்பேன்.

2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டதே இந்தியாவின் கடைசி இயற்கை போலியோ வைரஸ் பாதிப்பு. 2014 மார்ச் 27இல் இந்தியாவில் போலியோ இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இடைப்பட்ட காலத்தில் ரயில்களும் நிற்கவில்லை, மக்கள் பிழைப்புக்குப் போவதும் நிற்கவில்லை. வெளியூர்க்காரரைத் தடுத்தால்தான் நோய் நிற்கும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

அந்த ஊழியர்கள் செய்த வேலை இனி உங்களுடையது. நாளை திருப்பூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரு பீகார் தொழிலாளி உங்கள் முன் வந்து நிற்பார். ஆறு மாதக் காசநோய் சிகிச்சையில் மூன்றாவது மாதம். ஊருக்குப் போகிறேன் என்பார். மருந்தைப் பாதியில் விட்டவர் என்று எழுதி ஏட்டை மூடிவிடாதீர்கள். எந்த மாவட்டம், எந்த ஊர் என்று கேளுங்கள். காசநோயாளிகளைப் பதியும் அரசின் நிக்ஷய் தளத்தில் அவர் பதிவை அங்கே மாற்றுங்கள். அங்குள்ள காசநோய்ப் பிரிவுக்கு நீங்களே போன் செய்து பேசுங்கள். அவர் ரயிலேறும்போது பையில் மாத்திரை இருக்க வேண்டும். அதைப் பார்த்து அனுப்புங்கள்.