அரிசி மூட்டையும் குடியுரிமையும்

(வண்டன்மேட்டில் தோட்டத் தொழிலாளர்களுக்கான அரசியல் வகுப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

ஆயுத மோதல்களால் வீடிழந்து ஓடும் மக்களுக்கான நிவாரணம் குறித்துப் பேசுமாறு அமைப்பாளர்கள் கேட்டுக்கொண்டனர். 2024ஆம் ஆண்டின் இறுதியில் உலகெங்கும் 12 கோடியே 32 லட்சம் பேர் போராலும் வன்முறையாலும் அடக்குமுறையாலும் இடம்பெயர்க்கப்பட்டிருந்தனர் என்பது ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் கணக்கு. அவர்களில் 7 கோடியே 35 லட்சம் பேர் எந்த எல்லையையும் கடக்காதவர்கள். சொந்த நாட்டுக்குள்ளேயே அகதிகளாக்கப்பட்டவர்கள்.

கூலி உயர்வுக்கும் லயத்தின் ஒழுகும் கூரைக்கும் போராடிக்கொண்டிருக்கும் ஏலத்தோட்டத் தொழிலாளிக்கு இதில் என்ன வேலை என்று ஒரு தோழர் கேட்கலாம். நிவாரணம் தொண்டு நிறுவனங்களின் பணி, அரசியலே நம் பணி என்று இன்னொருவர் சொல்லலாம். இரண்டு கேள்விகளும் நியாயமானவை. ஆகவே அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் நம் முன்னோர் இந்த மலைக்கு ஏறிய காலத்திலேயே, தமிழ்நாட்டின் வேறு மாவட்டங்களிலிருந்து மண்டபம் வழியாகக் கடல் கடந்து இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றவர்கள் பல லட்சம் பேர். இங்கும் லயம், அங்கும் லயம். இங்கும் கங்காணி, அங்கும் கங்காணி. 1947 தேர்தலில் அந்தத் தோட்டத் தொழிலாளர்களின் வாக்கு இடதுசாரி வேட்பாளர்கள் பலரின் வெற்றிக்கு உதவியது. மறு ஆண்டே, 1948இல், குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து அவர்களை நாடற்றவர்களாக்கியது இலங்கையின் ஆளும் வர்க்கம். அடுத்து வாக்குரிமையும் பறிபோனது. அன்று இடதுசாரிக் கட்சிகள் அச்சட்டத்தை எதிர்த்தன. ஆனால் 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்துக் கொடுத்தபோது, அந்த இடதுசாரிகளில் ஒரு பகுதியினர் கொழும்பு அமைச்சரவையில் அமர்ந்திருந்தனர். இந்த வரலாற்றையும் நாம் மறைக்காமல் படிக்க வேண்டும். அப்படி வந்தவர்களுக்காகத்தான் நீலகிரியில் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமும், நமது கேரளத்தில் புனலூரை மையமாகக் கொண்ட மறுவாழ்வு ரப்பர் தோட்டங்களும் உருவாயின.

வராமல் அங்கேயே இருந்தவர்களில் பலர், 1977 வன்செயல்களுக்குப் பின் மலைநாட்டை விட்டு வன்னிக்குச் சென்று குடியேறினர். 2009இல் முல்லைத்தீவுக் கடற்கரையில் குண்டுகளுக்கு நடுவே சிக்கியவர்களில் அவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் இருந்தனர். நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்ற கேள்விக்கு இதுவே என் முதல் விடை.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நிவாரணத்தின் அரசியல் எண்ணிக்கையிலேயே தொடங்கிவிடுகிறது. 2008 செப்டம்பரில், பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர இயலாது என்று கூறி ஐ.நா. அமைப்புகளையும் தொண்டு நிறுவனங்களையும் வன்னியை விட்டு வெளியேறச் செய்தது இலங்கை அரசு. போகாதீர்கள் என்று மக்கள் கிளிநொச்சி அலுவலக வாசலில் நின்று மன்றாடினர். சாட்சிகள் வெளியேறிய பின் கணக்கு மாறியது. போர்ப் பகுதியில் ஏறத்தாழ 70,000 பேரே உள்ளனர் என்று கொழும்பு அறிவித்தது. களத்தில் இருந்த அரசு அலுவலர்கள் அனுப்பிய கணக்கோ மூன்று லட்சத்தைத் தாண்டியது. 70,000 பேர் என்று எழுதினால் 70,000 பேருக்குத்தானே அரிசி போகும்? மருந்தும் அப்படியே. போர் முடிந்ததும் மெனிக் பார்ம் உள்ளிட்ட முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டவர்கள் 2,80,000 பேருக்கும் அதிகம். அதாவது, பொய்க்கணக்கு ஒரு போராயுதமாகப் பயன்பட்டது. 40,000 பொதுமக்கள் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று 2011இல் ஐ.நா. நிபுணர் குழு கூறியது. மக்களை வெளியேற விடாமல் தடுத்த விடுதலைப் புலிகளின் குற்றத்தையும் அதே அறிக்கை பதிவு செய்தது. ஐ.நா.வின் சொந்தத் தோல்வியை 2012இல் அதன் உள் ஆய்வே ஒப்புக்கொண்டது.

அந்த மாதங்களிலும் செஞ்சிலுவைச் சங்கம் புதுமாத்தளன் கரையிலிருந்து காயமுற்றோரும் நோயுற்றோரும் உறவினருமாக ஏறத்தாழ 14,000 பேரைக் கப்பல் மூலம் வெளியே கொண்டுவந்தது. முழுமையாகச் செய்ய இயலாத இடத்திலும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது என்பதற்கு இது சான்று. நிவாரணத்தை எள்ளி நகையாடும் தோழர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

அடுத்து, மூட்டையைச் சுமந்து வருபவர் யார் என்ற கேள்வி. 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொருள்களை வீசின. பசித்தவருக்கு அது தேவைதான். ஆனால் இரண்டு மாதத்திற்குள் ஓர் ஒப்பந்தமும், அதன் பின்னால் ஒரு படையும் சென்றன. அந்தப் படையோடு நடந்த போரில் மீண்டும் மக்களே இடம்பெயர்ந்தனர். அரசுகள் தரும் உதவியில் அரசுகளின் நோக்கமும் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும்.

காசாவில் இது உச்சத்தை எட்டியது. பாலஸ்தீன அகதிகளுக்காக 1949இல் ஐ.நா. பொதுச்சபை உருவாக்கிய நிவாரண முகமை, பள்ளி, மருத்துவமனை, உணவு அனைத்தையும் எழுபத்தைந்து ஆண்டுகள் நடத்தி வந்தது. 2024 அக்டோபரில் அதற்குத் தடை விதித்துச் சட்டம் இயற்றியது இஸ்ரேல் நாடாளுமன்றம். 2025 மார்ச் 2 முதல் ஏறத்தாழ பதினொரு வாரங்கள் ஒரு லாரி உணவும் உள்ளே விடப்படவில்லை. பின்னர், ஐ.நா. நடத்திய சுமார் 400 வழங்கல் மையங்களுக்குப் பதிலாக, அமெரிக்கத் தனியார் ஒப்பந்தக்காரர்கள் நடத்திய நான்கே மையங்கள் திறக்கப்பட்டன. சுற்றிலும் இஸ்ரேல் இராணுவம். உணவு தேடிச் சென்றவர்களில் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதை ஐ.நா. மனித உரிமை அலுவலகம் பதிவு செய்தது. ஆகஸ்ட் 22 அன்று காசா நகரப் பகுதியில் பஞ்சம் முறையாக அறிவிக்கப்பட்டது. வானம் பொய்த்து வந்த பஞ்சமன்று அது. சோதனைச் சாவடியில் உருவாக்கப்பட்ட பஞ்சம்.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. ஆக்கிரமிக்கும் அரசு, தன் பிடியில் உள்ள மக்களுக்கு உணவும் மருந்தும் கிடைக்கச் செய்ய வேண்டும், இயலாவிடில் வெளியுதவியை அனுமதிக்க வேண்டும் என்று 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனிவா உடன்படிக்கை கூறுகிறது. பட்டினியைப் போர்முறையாகக் கையாள்வதை 2018இல் பாதுகாப்பு அவையின் 2417ஆம் தீர்மானம் கண்டித்தது. சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அரசியல் வலிமைதான் இல்லை. 2023 அக்டோபரிலும் 2025 ஜூனிலும் காசா போர்நிறுத்தம் கோரிப் பொதுச்சபையில் வந்த தீர்மானங்களில் இந்திய அரசு வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றது. பாலஸ்தீனத்திற்குத் துணைநின்ற இந்திய விடுதலை இயக்கத்தின் மரபுக்கு இது துரோகம்.

தோழர்களே, தொலைவிலேயே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 2023 மே 3 முதல் மணிப்பூரில் ஏறத்தாழ 60,000 பேர் வீடிழந்தனர். மலையையும் பள்ளத்தாக்கையும் இணைக்கும் நெடுஞ்சாலைகள் மறிக்கப்பட்டன. சுராசந்த்பூரின் நோயாளிகள் அருகிலிருந்த இம்பாலுக்குச் செல்ல அஞ்சி, மிசோரம் வரை நெடும்பயணம் செய்ய வேண்டியிருந்தது. பிரதமர் அந்த மண்ணில் கால்வைக்க 2025 செப்டம்பர் ஆனது. நிவாரண முகாமிலேயே குழந்தைகள் பிறந்து, அங்கேயே நடக்கப் பழகின.

உணவு கிடைத்த பிறகும் முடியாத பிரச்சினை ஒன்று உண்டு. அதற்குத் தமிழ்நாட்டைப் பாருங்கள். 1983 ஜூலைப் படுகொலைகளுக்குப் பின் வந்தவர்களில் ஏறத்தாழ 58,000 பேர் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இருந்தனர் என்பது 2021ஆம் ஆண்டுக் கணக்கு. அவ்வாண்டு தமிழ்நாடு அரசு 317 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்து, புதிய வீடுகளுக்கு வழிசெய்தது; முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயரும் மாற்றியது. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், பெரியவருக்கு 1,000, குழந்தைக்கு 500 என்று உதவித்தொகை உயர்ந்தது. வரவேற்க வேண்டிய நடவடிக்கைகள் இவை. ஆயினும் முகாமில் பிறந்து, தமிழ்நாட்டில் படித்து, இலங்கையைக் கண்ணாலும் பாராத இளைஞரும் ஒன்றிய அரசின் ஏட்டில் 'சட்டவிரோதக் குடியேறி'தான். 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளையும் ஆறு மதங்களையும் பட்டியலிட்டது. அப்பட்டியலில் இலங்கை இல்லை, முஸ்லிம் இல்லை. 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழர்களைத் தண்டனை விதிகளிலிருந்து விலக்கி 2025 செப்டம்பரில் ஓர் ஆணை வந்தது. சிறை அச்சம் குறைந்தது, குடியுரிமை வரவில்லை. இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிலும் கையெழுத்திடவில்லை, தனக்கென ஓர் அகதிச் சட்டமும் இயற்றவில்லை. ஆகவே அகதியின் வாழ்வு அதிகாரியின் மனநிலையைப் பொறுத்ததாகிறது. மாதந்தோறும் அரிசி தரும் அரசு, நாற்பதாண்டு ஆனபின்னும் உரிமை தர மறுத்தால், அந்த அரிசி மனிதரை வரிசையிலேயே நிறுத்தி வைக்கும் ஏற்பாடாகிவிடும்.

நம் மலையில் நாமும் இதன் நிழலைப் பார்த்திருக்கிறோம். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையை இரு பக்கத்து வெறியர்களும் ஊதிப் பெருக்கியபோது, இடுக்கித் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் அஞ்சி மலையிறங்கின. போர் நடக்கவில்லை, ஆனால் ஒரு வதந்திக்கே கூலியும் குடியிருப்பும் பள்ளியும் ஒரே நாளில் கைவிட்டுப் போகும் என்பது தெரிந்தது. இன்று அதே தோட்டங்களில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தோர் வேலை செய்கின்றனர். அன்று நமக்கு நேர்ந்தது நாளை அவர்களுக்கு நேரக் கூடாது.

ஆகவே நம் கடமைகள் தெளிவானவை. மதம் பாராத அகதிகள் சட்டம் வேண்டும். தமிழ்நாட்டு முகாம்களில் உள்ளோரில் குடியுரிமை விரும்புவோருக்கு, குறிப்பாக மலையக வம்சாவளியினருக்கும் இங்கே பிறந்தவர்களுக்கும், அது வழங்கப்பட வேண்டும். திரும்ப விரும்புவோர் தம் நிலத்தோடும் பாதுகாப்போடும் திரும்ப வேண்டும். காசாவிலும் மணிப்பூரிலும் நிவாரணப் பாதைகள் தடையின்றித் திறந்திருக்க வேண்டும். இவற்றைத் தொழிற்சங்க மேடைகளில் கூலிக் கோரிக்கைகளோடு சேர்த்தே எழுப்புவோம். பக்கெட் ஏந்தி நிதி திரட்டும்போது ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கை ஊரறிய வைப்போம். நம் லயங்களில் குடியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் ரேஷனும் சங்க உறுப்பினர் அட்டையும் கிடைத்துள்ளனவா என்பதை ஒவ்வொரு கிளையும் இம்மாதமே வீடுவீடாகச் சென்று பார்க்கட்டும். கணக்கெடுப்பை அரசு பொய்யாக்கக்கூடும் என்று வன்னி காட்டியது. நம்மிடம் நம் சொந்தக் கணக்கு இருக்கட்டும்.