கொள்ளுப்பாட்டி பேர் என்ன?

(குரோம்பேட்டையில் நடைபெற்ற தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில், ‘முன்னோரைத் தேடுவது அறிவான தேடலா? வீண் பெருமையா?’ என்ற தலைப்பில், ‘அறிவான தேடலே’ என்ற அணிக்காக ஆற்றிய உரை)

நன்றாகப் பேசிவிட்டு, கடைசியில் தோற்கப்போகிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு)

எதிரணித் தலைவர் எடுத்த எடுப்பிலேயே ஒரு குண்டைப் போட்டார். ‘வேலை வெட்டி இல்லாதவன்தான் செத்துப்போன தாத்தாவைத் தேடுவான்’ என்றார். ஐயா, நீங்கள் பொங்கலுக்கு முந்தின நாள் ராத்திரி எங்கள் ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் வந்ததே இல்லை போலிருக்கு! (சிரிப்பு) பல்லாவரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் வண்டி நகராது. அவ்வளவு பேரும் எங்கே போறாங்க? சொந்த ஊருக்கு. அங்கே என்ன இருக்கு? பூட்டிக் கிடக்கிற ஒரு வீடு, ஒரு குலதெய்வம், தாத்தா நட்ட ஒரு புளியமரம். அதைப் பார்க்கத்தான் விடிய விடிய நின்றுகொண்டு போறாங்க. அத்தனை பேரும் வேலை வெட்டி இல்லாதவங்களா? (கைதட்டல்)

இந்த ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். குரோம் முறையில் தோல் பதனிடுகிற ஒரு தொழிற்சாலை இங்கே வந்தது. அதனால் குரோம்பேட்டை என்று பேர். இங்கே வீடு கட்டிக் குடியேறியவர்களில் பெரும்பாலோர் தஞ்சாவூர், திருநெல்வேலி, வட ஆற்காடு என்று வெளியூரிலிருந்து வந்தவர்கள். அதனால்தான் இந்த ஊரில் புதுசாக ஒருத்தரைப் பார்த்தால் ‘சார் எங்கே வேலை?’ என்பதற்கு முன்னாலேயே ‘சாருக்குச் சொந்த ஊர் எது?’ என்று கேட்கிறோம். குரோம்பேட்டை என்று பதில் சொன்னால் விடுகிறோமா? ‘அது சரி சார், அதுக்கு முன்னாடி?’ (சிரிப்பு) ‘அதுக்கு முன்னாடி?’ என்று கேட்டாரே, அந்தக் கேள்விக்குப் பேர்தான் ஐயா முன்னோர் ஆராய்ச்சி.

சொல்லப்போனால் இந்தத் தேடலுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. நமக்குப் பக்கத்து ஸ்டேஷன் பல்லாவரம். 1863ஆம் வருஷம் மே மாதம், ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞர் அங்கேதான் ஒரு கல்லைக் கையில் எடுத்தார். நாம் பார்த்திருந்தால் ‘கல்லு’ என்று காலால் தள்ளியிருப்போம். அவர் ‘இது மனிதன் செதுக்கிய கருவி’ என்றார். இந்த நாட்டின் கற்கால ஆராய்ச்சிக்கே அதுதான் தொடக்கம். கல்லாகக் கிடந்தது, கேள்வி கேட்டவுடனே பாட்டன் சொத்தாகிவிட்டது. (கைதட்டல்)

அடுத்து எதிரணிச் சகோதரி வந்தார். கர்ணனைக் காட்டிக் கண்ணீர் வரவழைத்தார். ‘அரங்கத்திலே கர்ணனைப் பார்த்துக் குலம் என்ன என்று கேட்டார்களே, அவன் தலைகுனிந்தானே, குலம் கேட்பது கொடுமையில்லையா?’ என்றார். கொடுமைதான் தாயே, நானும் ஒத்துக்கொள்கிறேன். அடுத்தவனை வெளியே தள்ளுவதற்காக ‘நீ யார் வீட்டுப் பிள்ளை?’ என்று கேட்பது கொடுமைதான். ஆனால் அந்தக் கர்ணன் வாழ்நாள் முழுக்கத் தனக்குள்ளே கேட்டுக்கொண்டிருந்தானே ஒரு கேள்வி, ‘என்னைப் பெற்றவள் யார்?’ என்று. அதுவும் கொடுமையா? ஊர் கேட்டது அவனுடைய தகுதியை. அவன் கேட்டது அவனுடைய தாயை. இரண்டும் ஒன்றாகுமா? நாங்கள் பேசுவது கர்ணன் கேட்ட கேள்வியைப் பற்றி. (பலத்த கைதட்டல்)

‘இதெல்லாம் ஜாதிப் பெருமையில்தான் போய் முடியும்’ என்று அவர்கள் அணியில் மூன்றாவதாகப் பேசியவர் சொன்னார். பயப்பட வேண்டிய பேச்சுதான். திருவாலங்காட்டுச் செப்பேட்டில் இராசேந்திர சோழனுடைய வம்சம் எங்கிருந்து தொடங்குகிறது தெரியுமா? சூரியனிலிருந்து! அரசன் சொன்னால் சூரியனும் தாத்தாதான். (சிரிப்பு) முடிவை முதலில் எழுதிவிட்டு, அப்புறம் முன்னோரைச் செய்துகொள்வது அது. அதை நாங்கள் ஆதரிக்கவில்லை. நாங்கள் சொல்வது கணக்கோடு தேடுகிற தேடல்.

கணக்கு என்றதும் பிள்ளைகள் எல்லாம் எழுந்து போய்விடாதீர்கள், சின்னக் கணக்குதான். உங்களுக்குப் பெற்றோர் இரண்டு பேர். தாத்தா பாட்டி நான்கு பேர். அதற்கு மேலே எட்டு. இப்படி ஒவ்வொரு தலைமுறைக்கும் இரட்டித்துக்கொண்டே போனால் பத்தாவது தலைமுறையில் 1,024 பேர். இருபதாவது தலைமுறையில் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். நடைமுறையில் அவ்வளவு பேர் வரமாட்டார்கள். ஏனென்றால் நாம் சொந்தத்திலேயே கட்டுகிறவர்கள். அத்தை மகளைக் கட்டினால் பிறக்கிற குழந்தைக்குக் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி எட்டுப் பேர் கிடையாது, ஆறு பேர்தான். அக்கா மகளைக் கட்டின வீட்டிலே இன்னும் விசேஷம். அங்கே ஒரே கிழவர் அந்தக் குழந்தைக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா, அம்மா வழியில் கொள்ளுத்தாத்தா! திருவிழாவுக்குப் போனால் அந்தப் பிள்ளை ஒரே ஆளிடம் இரண்டு தடவை காசு வாங்கலாம். (பலத்த சிரிப்பு)

இதிலே விஷயம் இருக்கு. நம் முன்னோர் என்றால் ஒரே ஒரு கோடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்பா, அப்பாவுக்கு அப்பா, அவருக்கு அப்பா. பெருமை பேசுகிறவன் அந்த ஒற்றைக் கோட்டைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறான். பத்தாவது தலைமுறையில் இருக்கிற ஆயிரம் பேரில் அவனுக்குத் தெரிந்தது ஒருத்தர். மற்றவர்கள் யார், எந்த ஊர், என்ன பாடுபட்டார்கள், ஒன்றும் தெரியாது. 2013இல் ஒரு மரபணு ஆய்வு வெளிவந்தது. ஹைதராபாத் விஞ்ஞானிகளும் அமெரிக்க விஞ்ஞானிகளும் சேர்ந்து செய்தது. ஏறக்குறைய 4,200 ஆண்டுகளிலிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்த நாட்டு மக்கள் பரவலாக ஒருவரோடு ஒருவர் கலந்தார்கள், அதற்குப் பிறகுதான் வேலி போட்டுக்கொண்டார்கள் என்று அதிலே சொல்கிறார்கள். அரைகுறையாகத் தேடினால் ஜாதிப் பெருமை வரும். ஆழமாகத் தேடினால் அது கரைந்து போகும். தேடாதே என்று சொல்வதா மருந்து? இன்னும் கொஞ்சம் தேடு என்று சொல்வதுதான் மருந்து! (கைதட்டல்)

‘சரி, தேடுகிறோம். எதை வைத்துத் தேடுவது? நம்மிடம் ஆவணம் ஏது?’ இதுவும் எதிரணியின் கேள்வி. நியாயமான கேள்வி. வெள்ளைக்காரனுக்குக் குடும்பப் பெயர் உண்டு. நமக்கு இருப்பது ஓர் எழுத்து, இனிஷியல். அதுவும் ஒவ்வொரு தலைமுறைக்கும் மாறும். திதி கொடுக்கிற வீட்டிலும் மூன்று தலைமுறையோடு பெயர் நின்றுவிடுகிறது. ஆனால் ஆவணம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். மதுரைப் பக்கம் மொய் நோட்டு என்று ஒன்று பரணில் கிடக்கும். யார், எந்த ஊர், இன்னார் மகன், எவ்வளவு செய்தார், எல்லாம் அதிலே இருக்கும். பெற்றோர் பேரைச் சொல்லத் தயங்குகிறவன்கூட மொய் செய்த பேரைத் தெளிவாகச் சொல்லித்தான் எழுதவைப்பான்! (சிரிப்பு) ஊர்க் கோயிலில் தலைக்கட்டு வரி நோட்டு இருக்கு. சப்-ரிஜிஸ்தர் ஆபீசில் பழைய கிரயப் பத்திரம் இருக்கு. அதிலே எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கினவர் இருவருக்கும் தகப்பனார் பெயர் உண்டு. பழைய தேவாலயங்களில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கு. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கு. எல்லாவற்றையும்விட, நம்முடைய மொழியிலேயே ஓர் ஆவணம் இருக்கு. ‘பேரன்’ என்கிறோமே, அது ‘பெயரன்’. தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலே இரண்டு தலைமுறைக்குக் கதவு திறந்துவிடும்.

இப்போது இந்தத் தேடலின் உயிரான இடத்துக்கு வருகிறேன். பெரியோர்களே, கொஞ்சம் அமைதியாகக் கேளுங்கள்.

1860ஆம் வருஷம், நவம்பர் 16ஆம் தேதி. தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் போய் நின்றது. புறப்பட்டது நம்முடைய சென்னைத் துறைமுகத்திலிருந்து. அந்த நாட்டுக் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம் ஜனங்கள் போன முதல் கப்பல் அது. 1911 வரைக்கும் அந்த நேட்டால் நாட்டுக்கு மட்டும் 1,52,000 பேருக்கு மேல் போனார்கள். அதற்கு முன்பே, 1834இலிருந்து, மொரீஷியஸ் தீவுக்குப் போனவர்கள் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர். அவர்கள் கரையேறிய ஆப்ரவாசி காட் என்ற இடம் 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகிவிட்டது. பீஜி, ரீயூனியன், மலேயா, இலங்கை என்று போனவர்கள் தனி.

போகிறவன் கையில் என்ன இருந்தது? ஒரு எண். தகரத்திலோ காகிதத்திலோ ஒரு எண். அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் அடையாளம், எல்லாவற்றையும் வெள்ளைக்காரன் எழுதி வைத்தான். பாசத்தில் எழுதவில்லை. ஆள் ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதினான். அந்தக் கணக்குப் புத்தகத்தைத்தான் இன்றைக்கு அவர்களுடைய நான்காம் தலைமுறை, ஐந்தாம் தலைமுறைப் பிள்ளைகள் வேதப் புத்தகம் மாதிரி புரட்டுகிறார்கள். மொரீஷியஸில் மோகா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிலையத்தில் அந்த ஏடுகள் இருக்கின்றன. 2024 மார்ச்சில் நம் குடியரசுத் தலைவர் அங்கே போனபோது, ஏழாம் தலைமுறை மொரீஷியஸ் இந்தியர்களுக்கும் வெளிநாட்டு இந்தியர் குடியுரிமை அட்டை கிடைக்க வழி செய்வதாக அறிவித்தார். ஏழு தலைமுறைக்கு முன்னால் எழுதின ஒரு வரிக்கு இன்றைக்கு எவ்வளவு மதிப்பு, பார்த்தீர்களா?

டர்பனிலிருந்து ஓர் ஆசிரியை, ஓய்வு பெற்றவர், எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு விருந்தாளியாக வந்தார். கையில் ஒரே ஒரு காகிதம், கப்பல் பட்டியலின் நகல். ஒரு பெண்ணின் பெயர். வயது 22. தகப்பன் பெயர். வட ஆற்காடு ஜில்லா. கூட ஒரு பெண் குழந்தை, வயது 2. புருஷன் பெயர் இல்லை. அடையாளம்: இடது முழங்காலில் தழும்பு. ‘எங்கள் பூட்டியைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது இந்தத் தழும்பு ஒன்றுதான்’ என்றார் அந்த அம்மா, ஆங்கிலத்தில். தமிழ் அவருக்கு வராது.

கிராமத்தின் பெயரை அந்தக் குமாஸ்தா ஆங்கிலத்தில் எழுதியிருந்த அழகு இருக்கிறதே, அதைப் படித்தால் மூன்று ஊர் வருது, முப்பது ஊர் வருது! தெருவே கூடியது. ரெவின்யூ இலாகாவில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருத்தர் மூன்று ஊர்ப் பெயரைக் குறித்துக் கொடுத்தார். எதிர்வீட்டு மாமியின் தம்பி அந்தத் தாலுகாவில் வாத்தியார். அவர் ஊர் ஊராகப் போன் போட்டார். நான் தகப்பன் பெயரைத் தமிழில் எப்படியெல்லாம் எழுதலாம் என்று பார்த்துச் சொன்னேன். முதல் ஊரில் ஒன்றுமில்லை. இரண்டாவது ஊரிலும் இல்லை. மூன்றாவது ஊரில் ஒரு கிழவி, ‘இங்கே ஏரிக்கரையில கப்பக்காரி கொல்லைன்னு ஒண்ணு இருக்கு. ஏன் அப்படிச் சொல்றோம்னு யாருக்கும் தெரியாது’ என்றாள்.

கப்பக்காரி! கப்பல்காரி. கப்பலேறிப் போனவள். அந்த ஊரில் அவளுடைய நிலத்துக்குப் பேர் இருந்தது, அவளுக்குப் பேர் இல்லை. டர்பனில் அவளுடைய பேர் இருந்தது, மண் இல்லை. கடலுக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. ஒருத்தர் தேடினால் கிடைக்காது. ஊர் சேர்ந்து தேடியதால் இரண்டு பாதியும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வந்தன. ‘இவள்தான் அவள்’ என்று கோர்ட்டில் நிரூபிக்க முடியுமா என்றால், முடியாது. அந்த அம்மாவும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. அந்தக் கொல்லையில் நின்றுகொண்டு, காகிதத்தில் இருந்த பேரை மூன்று தடவை சத்தமாகச் சொன்னார். அவ்வளவுதான். கூட நின்ற ஊர்ப் பெண்கள் அழுதார்கள்.

நடுவர் அவர்களே, இதிலே எனக்கு உறைத்த விஷயம் ஒன்று உண்டு. பெண்ணை ஒரு தலையாக, ஒரு கூலியாக மட்டும் பார்த்தவன் வெள்ளைக்காரன். அவன் ஏட்டிலே அவள் பேர் இருக்கிறது. மகளாக, மருமகளாக, தாயாக, தெய்வமாகப் பார்த்தவர்கள் நாம். நம் ஏட்டிலே அவள் பேர் எங்கே? இந்த அரங்கத்தில் எத்தனை பேருக்குத் தன் அம்மாவைப் பெற்ற அம்மாவைப் பெற்ற அம்மாவின் பெயர் தெரியும்? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். (அரங்கில் சில கைகள் உயர்கின்றன) ஒன்று, இரண்டு... ஏழு. ஆண்கள் யாருமே இல்லை. (சிரிப்பு) நானூறு பேர் அரங்கத்தில் ஏழு பேர்! நம் உடம்பில் ஓடுகிற ரத்தத்தில் பாதி கொடுத்தவர்கள் பேரில்லாமல் போய்விட்டார்கள். வரி கட்டியவன் பேர் நோட்டில் இருக்கு, நிலம் வாங்கியவன் பேர் பத்திரத்தில் இருக்கு. பிள்ளை பெற்றவள் பேர் எங்கேயும் இல்லை. அதைத் தேடுவதா வீண் பெருமை? அது கடன் ஐயா, கடன்! (பலத்த கைதட்டல்)

தில்லையாடி வள்ளியம்மையை நினைத்துப் பாருங்கள். பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். காந்தியடிகளின் போராட்டத்தில் சிறைக்குப் போய், காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22இல் பதினாறு வயதில் இறந்துபோனாள். பெற்றோர் வழி ஊரான தில்லையாடியைத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டே வரலாற்றில் நிற்கிறாள். மறு வருஷம் 1915இல் காந்தியடிகள் அந்தத் தில்லையாடிக்கே வந்தார். ஒரு பெண்ணுக்குப் பின்னால் ஓர் ஊர் இருக்கிறது என்று அந்த மகாத்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆகவே தாய்மார்களே, ஒரு சின்ன வேண்டுகோள். கடையில் ஓர் எண்பது பக்க நோட்டு வாங்குங்கள். வீட்டில் வயதான அம்மா, பாட்டி, பெரியம்மா யார் இருந்தாலும் பக்கத்தில் உட்காருங்கள். டி.வி.யை நிறுத்திவிட்டு உட்காருங்கள். இந்தப் பட்டிமன்றம் முடிந்த பிறகு நிறுத்தினால் போதும்! (சிரிப்பு) அவங்க அம்மா பேர் என்ன, அவங்களைப் பெற்றவங்க பேர் என்ன, எந்த ஊரில் பிறந்தாங்க, எந்த நோயில் போனாங்க என்று கேட்டு எழுதுங்கள். சர்க்கரையா, நெஞ்சு வலியா என்று தெரிந்தால் உங்கள் டாக்டருக்கும் அது உதவும். எழுதினதைப் பங்காளி வீட்டுக்கு ஒரு பிரதி, மாமன் வீட்டுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அவர்கள் திருத்துவார்கள், சண்டை போடுவார்கள், ‘அது அப்படி இல்லே’ என்பார்கள். நல்லது. அந்தச் சண்டையில்தான் இன்னும் நாலு பேர் கிடைப்பார்கள்.

காகிதம் காத்திருக்கும், கல்வெட்டு காத்திருக்கும். பாட்டி காத்திருக்க மாட்டாள். அவள் போய்விட்டால் அவளோடு நாலு தலைமுறைப் பெண்களின் பெயரும் போய்விடும். அதைத் தடுக்கிற வேலைக்குத்தான் ‘முன்னோர் தேடல்’ என்று பேர். அது அறிவான தேடலே, அவசரமான தேடலே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களை வேண்டுகிறேன். (நீண்ட கைதட்டல்)