ஃபேன் இல்லாத கார்டு: சத்தம் போயிடும், சூடு எங்கே போகும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

போன வாரம் வந்த வாய்ஸ் நோட்களில் ஒன்றைப் பற்றித்தான் இன்னைக்குப் பேசப் போறேன். கல்யாண வீடியோ எடிட் பண்ற ஒரு தம்பி அனுப்பியது. வீட்டில் ஒரே ஹால், அப்பா அதில்தான் தூங்குறார். ராத்திரி பதினோரு மணிக்கு ரெண்டர் போட்டா, கிராஃபிக்ஸ் கார்டு ஃபேன் மிக்ஸி மாதிரி கத்த ஆரம்பிக்குது. அப்பா எழுந்து உட்கார்ந்துடறார். "அண்ணா, ஃபேனே இல்லாத கூலர் ஒண்ணு மாட்டிட்டா பிரச்சினை தீர்ந்துடுமா?" இதுதான் கேள்வி. அவர்கிட்ட இருக்கிறது ஜிடிஎக்ஸ் 1650 கார்டு.

தீரும். ஆனா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும். ஃபேனைக் கழற்றினா சத்தம்தான் போகும், சூடு போகாது. அதை வெளியே தள்ளுற வேலை வேற யார் தலையிலாவது விழும். யார் தலையில்னு முடிவு பண்ணிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுங்க.

சத்தம் ஏன் வருது?

கார்டில் இருக்கிற ஃபேன் சின்னது, ஒல்லியானது. இருக்கிற இடத்தில் அவ்வளவுதான் வைக்க முடியும். அதனால் வேகமாகச் சுத்தித்தான் தேவையான காற்றைத் தள்ளணும். வேகம் ஏற ஏற, காற்றைவிடச் சத்தம்தான் வேகமா கூடும். ஒரு தோராயக் கணக்கு: ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினா சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் குறைஞ்சாலே நம்ம காதுக்குச் சத்தம் பாதியான மாதிரி இருக்கும். ஆனா காற்று பாதிதான் குறையும். இந்தக் கணக்கைக் கடைசியில் பயன்படுத்தப் போறோம்.

ஃபேன் இல்லாத கூலர் எப்படி வேலை செய்யுது?

அதன் உயிர் ஹீட் பைப்பில் இருக்கு. மூடி அடைத்த செம்புக் குழாய், உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துட்டு கொஞ்சமா தண்ணீர். சிப் பக்கம் சூடானதும் தண்ணீர் ஆவியாகி மறுமுனைக்கு ஓடும். அங்கே குளிர்ந்து மறுபடி தண்ணீராகும். குழாயின் உள்சுவரில் இருக்கிற நுண்துளைப் படலம், விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி, அந்தத் தண்ணீரைத் திரும்ப இழுத்து வரும். மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை.

அந்த மறுமுனையில் அலுமினியத் தகடுகள். இவற்றுக்கு நடுவே இடைவெளி அதிகம், அதுக்குக் காரணம் இருக்கு. ஃபேன் இருந்தா நெருக்கமான தகடுகளுக்குள்ளும் காற்றைத் திணிக்கும். ஃபேன் இல்லேன்னா, சூடான காற்று தானா மேலே ஏறுற மெல்லிய ஓட்டம் மட்டும்தான். நெருக்கமான தகடுகளுக்கு நடுவே அது திணறி நின்னுடும். அதனால சாதாரண கூலரில் ஃபேன் வயரைப் பிடுங்கிட்டு "என் கார்டு இப்ப ஃபேன்லெஸ்"னு சொல்லிக்க முடியாது.

இது புதுசும் இல்லை. 2000-களின் தொடக்கத்திலேயே ஜால்மன் கார்டின் இரண்டு பக்கமும் கனமான அலுமினியத் தகடுகளை வைத்து ஹீட் பைப்பால் இணைக்கும் கூலரை விற்றது. பிறகு ஆர்க்டிக் நிறுவனத்தின் ஆக்ஸிலரோ எஸ்1, எஸ்3 கூலர்கள் வந்தன. இப்போ கூலரைத் தனியா வாங்கி மாட்டுற பழக்கம் குறைஞ்சிடுச்சு. கம்பெனியிலிருந்தே ஃபேன் இல்லாமல் வரும் கார்டுகள் இருக்கு. பாலிட் நிறுவனத்தின் கால்ம்எக்ஸ் வரிசை அப்படித்தான். 2024-ல் அதில் வந்த ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி கார்டு, 70 வாட் மின்சாரம் எடுக்கும். ஜிடிஎக்ஸ் 1650-க்கு 75 வாட். ஆர்டிஎக்ஸ் 4090-க்கு 450 வாட். ஃபேன் இல்லாத கார்டெல்லாம் ஏன் சின்ன கார்டாகவே இருக்குன்னு இந்த எண்களே சொல்லிடும்.

நம்ம ஊர் வெயில் கணக்கு

கூலர் அறையின் சூட்டுக்குக் கீழே போகாது. அறையின் சூட்டுக்கு மேல் எவ்வளவு ஏறும் என்பதைத்தான் அது தீர்மானிக்கும். ஒரு கூலர் உங்க கார்டை அறையைவிட 45 டிகிரி மேலே நிறுத்துதுன்னு வச்சுக்குவோம். குளிர் நாட்டில் 22 டிகிரி அறையில் ரிவ்யூ பண்றவர் 67 டிகிரின்னு எழுதுவார், நல்ல மார்க். அதையே மே மாசம் சென்னையில், ஏசி இல்லாத 36 டிகிரி ஹாலில் மாட்டினா 81. நிறைய என்விடியா கார்டுகள் 83 டிகிரிக்குப் பக்கத்தில் போனதும் தானா வேகத்தைக் குறைக்க ஆரம்பிக்கும். ரிவ்யூ பார்க்கும்போது அறை எத்தனை டிகிரின்னு முதலில் தேடுங்க.

அடுத்தது கேபினெட். சாதாரண டவர் கேபினெட்டில் கார்டு படுத்த நிலையில், தகடுகள் கீழே பார்த்தபடி இருக்கும். மேலே ஏற வேண்டிய சூடான காற்றுக்கு கார்டே கூரை. அதனால முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு மெதுவா ஓடுற 120 மிமீ கேபினெட் ஃபேன் வேணும். ஃபேன் இல்லாத கார்டுக்கும் எங்கேயோ ஒரு ஃபேன் உழைச்சுக்கிட்டுத்தான் இருக்கும்.

சென்சார் காட்டாத சூடு

ரொம்பப் பேர் தவறவிடுறது இதைத்தான். சாஃப்ட்வேரில் நீங்க பார்க்கிற வெப்பநிலை பெரும்பாலும் நடுவில் இருக்கிற சிப்போடது. அதைச் சுத்தி மெமரி சிப்கள் இருக்கு. மின்னழுத்தத்தை இறக்கித் தரும் பகுதி, விஆர்எம், அதுவும் இருக்கு. இதுவரை பழைய ஃபேன் போகிற போக்கில் இவற்றின் மேலும் காற்றடிச்சுக்கிட்டு இருந்தது. புது கூலர் சிப்பை மட்டும் பார்த்துக்கும். திரையில் 70 டிகிரின்னு காட்டும்போதே விஆர்எம் அதைவிட மோசமா காய்ஞ்சுக்கிட்டு இருக்கலாம். அதனால அவற்றுக்குத் தனியா குட்டி ஹீட்சிங்க் ஒட்டியே ஆகணும்.

மாட்டுறதா இருந்தா, வாங்குறதுக்கு முன்னாடி சிப்பைச் சுத்தி இருக்கிற நாலு ஸ்க்ரூ துளைகளின் இடைவெளியை அளந்து, கூலரின் பொருத்தப் பட்டியலோட ஒப்பிடுங்க. பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைங்க. ஸ்க்ரூவை ஒரு பக்கமா இறுக்காம, குறுக்குக் குறுக்கா கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. இந்தச் சிப்புக்கு மேல் மூடி கிடையாது, ஓரம் உடைஞ்சா கார்டு போச்சு. வாரண்டியும் பெரும்பாலும் போயிடும். மாட்டினதும் ஐந்து நிமிஷம் டெஸ்ட் பண்ணிட்டு சந்தோஷப்படாதீங்க. பெரிய உலோகக் கட்டி மெதுவாகத்தான் சூடேறும். ஒரு மணி நேரம் முழு வேலை கொடுத்துட்டு அப்புறம் எண்ணைப் பாருங்க.

அந்தத் தம்பிக்கு என் பதில்

முதல் படிக்குச் செலவே இல்லை. ஆஃப்டர்பர்னர் மாதிரி ஒரு சாஃப்ட்வேரில் கார்டின் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் இறக்குங்க. மின்செலவு மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். அதே வேகத்தில் மின்னழுத்தம் 10 சதவீதம் குறைஞ்சா, சிப்பின் மின்செலவு சுமார் 19 சதவீதம் குறையும். சூடும் அதே அளவு இறங்கும், ஃபேன் தானா மெதுவாகும். பல பேருக்கு இதோட வேலை முடிஞ்சிடும்.

போதலைன்னா இரண்டாவது படி. கார்டின் பிளாஸ்டிக் மூடியையும் குட்டி ஃபேனையும் கழற்றிட்டு, ஹீட்சிங்க் மேல ஒரு 120 மிமீ ஃபேனை ஜிப் டை போட்டுக் கட்டி 600, 700 ஆர்பிஎம்மில் ஓட விடுங்க. பார்க்க அழகா இருக்காது. ஆனா விஆர்எம்முக்கும் காற்று கிடைக்கும், தூங்குறவருக்கும் கேட்காது. கடைசி வரை கத்தாமலே இருக்கணும், ரெண்டர் கொஞ்சம் மெதுவானாலும் பரவாயில்லைன்னா, ஃபேன் இல்லாத கூலர் மூன்றாவது படி. ஏசி இல்லாத ஹாலில், மணிக்கணக்கா ரெண்டர் ஓட்டுறவருக்கு நான் இரண்டாவதோட நிறுத்தச் சொல்வேன்.

எந்தப் படிக்கும் முன்னாடி ஒரு சோதனை. நோட்டு அட்டையைக் குழாயாகச் சுருட்டிக் காதில் வைத்து, ஓடுற கம்ப்யூட்டரின் ஒவ்வொரு பகுதிக்கும் நேரே பிடிச்சுக் கேளுங்க. கத்துறது கார்டா, பவர் சப்ளை ஃபேனா, ஹார்ட் டிஸ்க்கா? கார்டே என்றாலும், ஃபேனா இல்லை காயில் கீச்சிடுதா? காயில் என்றால் எந்த கூலரும் உதவாது. ஃபேன் அடங்கினா அது இன்னும் தெளிவாத்தான் கேட்கும்.

உங்க குழாயில் என்ன கேட்டதுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. பவர் சப்ளைதான்னு நிறைய பேர் சொன்னா, அடுத்த எபிசோட் அதைப் பற்றித்தான்.