கடைத்தொழிலும் பயிற்சியும்



தீபாவளிக்கு முந்திய வாரத்தில், மாலை வேளையில், பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலைக்குள் நுழைந்து பார்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். கால் வைக்க இடமிராது. ஜவுளிக்கடைகளின் உள்ளே, ஏறக்குறைய உங்கள் வயதுடைய பிள்ளைகள் வரிசையாக நின்று, சேலைகளை விரித்துக் காட்டுவதும், விரித்தவற்றை மடித்து அடுக்குவதுமாக இருப்பார்கள். அவர்களுக்கு அத்தொழிலைக் கற்பித்தவர் யார்? பள்ளிக்கூடத்திலேயே வாழ்நாளைக் கழித்த நான், இந்தக் கேள்வியை மிகவும் பிந்தித்தான் கேட்டேன்.

வடசென்னையில் 'அப்ரண்டிஸ்' என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான் வழங்கி வந்தது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. 1876இல் பக்கிங்காம் ஆலையும், 1881இல் கர்நாடிக் ஆலையும் பெரம்பூர்ப் பக்கத்தில் எழுந்தன. பின்னர் திருவொற்றியூரில் தீப்பெட்டியும் மோட்டார் சைக்கிளும், எண்ணூரில் லாரியும் உருவாயின. ஆதலால் கடைசல் இயந்திரத்தின் முன்னே நின்று கையில் எண்ணெய் படிய வேலை பழகுகிறவனே அப்ரண்டிஸ். துணிக்கடையில் நிற்கும் பையனை எவரும் அப்பெயரால் அழைத்ததில்லை. அவன் வெறும் 'கடைப்பையன்'.

காலம் மாறிவிட்டது. பின்னி ஆலைகள் 1996இல் மூடப்பட்டன. எண்ணூரின் பழைய அனல்மின் நிலையம் 2017இல் நின்றது. துறைமுகத்தில் 1983இல் கண்டெய்னர் முனையம் வந்தபின், மூட்டை சுமந்த தோள்களுக்கு வேலை குறைந்து, பெட்டியின் எண்ணைப் பதிந்து அதன் போக்கைக் கவனிக்கும் கண்களுக்கு வேலை கூடிற்று. தொழிற்சாலைகள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. எண்ணூரில் இன்றும் லாரி செய்கிறார்கள். ஆயினும் தந்தை ஆலைக்குப் போன வீட்டிலிருந்து மகன் பெருங்கடைக்கும், மகள் மருத்துவமனை வரவேற்பு மேசைக்கும் போவதை நாம் கண்ணெதிரே காண்கிறோம்.

இங்கே என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, பத்தாம் வகுப்புத் தேறிய ஒரு மாணவன் மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தான். துணிக்கடையில் சேரப்போவதாகச் சொன்னான். "துணி மடிக்கவா இத்தனை ஆண்டு படித்தாய்?" என்று கேட்டுவிட்டேன். அவன் மறுமொழி சொல்லாமல் தலைகுனிந்து போனான். ஆறு ஆண்டுகள் கழித்து என் வீடு தேடி வந்தான். வேறொரு பெரிய கடையில் மேற்பார்வையாளர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். அனுபவச் சான்று கேட்கிறார்கள். முன்பிருந்த கடைக்காரர் எழுத்தில் ஒன்றும் தர மறுக்கிறார். "ஐயா, நீங்களாவது ஒரு கடிதம் தரமுடியுமா?" என்றான். அவன் நல்லொழுக்கத்துக்கு நான் சாட்சி சொல்லலாம்; ஆறு ஆண்டு கற்ற தொழிலுக்கு நான் எப்படிச் சாட்சி சொல்வது?

அன்று அவனிடம் அந்தத் தொழிலைப் பற்றி விசாரித்தேன். விடை என்னை வெட்கமுறச் செய்தது. ஓர் இழையை உருவி எரித்துப் பார்த்து, காகிதம் கருகும் மணம் வந்தால் பருத்தி, மயிர் பொசுங்கும் நாற்றம் வந்தால் பட்டு, உருகி மணிபோல் திரண்டால் செயற்கை இழை என்று அறிவானாம். எந்தச் சாயம் முதல் வெளுப்பிலேயே இறங்கும், எந்தத் துணி நனைத்தால் சுருங்கும் என்பதெல்லாம் அவனுக்கு விரல் நுனியிலே இருந்தன. எந்த நிறம் எத்தனை நாளில் விற்றுத் தீரும், எது அலமாரியிலேயே தங்கி முதலை முடக்கும் என்பதையும் கணக்கிட்டிருந்தான். விலையைக் கேட்கக் கூசி நிற்கும் தாய்மார்களுக்கு, அவர்கள் கேளாமலே, கைப்பணத்துக்கு அடங்கும் சேலையை முதலில் எடுத்து வைப்பானாம். இவற்றுள் எதையும் எவரும் அவனுக்கு முறையாகச் சொல்லித் தரவில்லை. பார்த்தும், ஏச்சு வாங்கியும் கற்றவை. முறையாகக் கற்பித்திருந்தால் ஓராண்டில் வந்திருக்கும்.

வாணிகத்தை முறையாகக் கற்பிப்பது நமக்குப் புதிதென்று எண்ணாதீர்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கடை வைத்திருந்த காலத்தில், இளம்பிள்ளையைப் 'பெட்டியடிப் பையன்' என்று சேர்த்துக்கொள்வார்கள். பணப்பெட்டியின் அருகே அமர்ந்து அவன் சிறுபணிகள் செய்வான், கணக்கெழுதப் பழகுவான், வட்டி கணிப்பான். தேறியபின் 'அடுத்தாள்' ஆவான். அதற்கும் மேலே, கடையையே பொறுப்பேற்று நடத்தும் ஏஜெண்டு. ஏஜெண்டுக்குத் தவணை பெரும்பாலும் மூன்றாண்டு. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் இருந்த கிட்டங்கிகளில் அவர்கள் வேலை செய்ததும் உறங்கியதும் ஒரே கூரையின்கீழ். ஒவ்வொரு படிக்கும் ஒரு பெயர் இருந்தது என்பதைக் கவனியுங்கள். தான் எந்தப் படியில் நிற்கிறோம், அடுத்த படி எது என்பது அப்பையனுக்குத் தெரியும். நம் தெருமுனையில் உள்ள அண்ணாச்சி மளிகைக் கடையிலும் இம்முறையின் சாயல் உண்டு; தென்மாவட்டத்திலிருந்து வந்து பொட்டலம் மடித்த பையன் சில ஆண்டுகளில் தனிக்கடை போடுவதைப் பார்க்கிறோம். ஆனால் அங்கே உறவே ஒப்பந்தம். உறவினர் அல்லாதவனுக்கு என்ன வழி?

ஜெர்மனியில் கடை விற்பனையாளர் தொழிலுக்கு இரண்டாண்டுப் பயிற்சியும், சில்லறை வாணிகருக்கு மூன்றாண்டுப் பயிற்சியும் வகுத்திருக்கிறார்கள். கடையில் வேலை, தொழிற்பள்ளியில் பாடம், முடிவில் வணிகர் மன்றம் நடத்தும் தேர்வு. கொல்லனுக்கு உள்ள மதிப்பு அங்கே கடைக்காரனுக்கும் உண்டு.

நம் நாட்டில் தொழில் பழகுநர் சட்டம் 1961இல் இயற்றப்பட்டது. தொடக்கத்தில் அது பெரிதும் ஆலைத் தொழில்களையே நோக்கி நின்றது. 2014ஆம் ஆண்டுத் திருத்தம் 'விருப்பத் தொழில்கள்' என்ற வகையைச் சேர்த்து, கடை, விடுதி, சரக்குக் கிடங்கு போன்ற இடங்களுக்கும் வாயிலைத் திறந்தது. 2019இல் திருத்திய விதிகளின்படி, முப்பதும் அதற்கு மேலும் ஆட்கள் உள்ள நிறுவனம் தன் ஆட்தொகையில் நூற்றுக்கு இரண்டரை முதல் பதினைந்து வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு மாதம் 6,000, பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவருக்கு 7,000, பட்டதாரிக்கு 9,000 ரூபாய் என அவ்விதிகள் குறைந்தபட்ச உதவித்தொகையை வகுத்தன. இத்தொகைகள் திருத்தத்துக்கு உரியவை; சேரும் நாளில் நடப்பிலுள்ளதைக் கேட்டறியுங்கள்.

சட்டத்தின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. பழகுநர் சட்டப்படி பயிற்சி பெறுபவரே அன்றித் தொழிலாளர் அல்லர். பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே தீரவேண்டும் என்ற பொதுவான கட்டாயமும் இல்லை. மலிவாக ஆள் கிடைக்கிறதென்று பழகுநரைச் சேர்த்து, ஓராண்டு முழுவதும் ஒரே மேசையருகே நிறுத்தி வைக்கும் முதலாளிகளும் இருக்கக்கூடும். ஆகவே சேருமுன் சிலவற்றைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அன்று. எழுத்தில் ஒப்பந்தம் உண்டா? பதினெட்டு வயதுக்குட்பட்டவராயின் பெற்றோரோ பாதுகாவலரோ அதில் கையெழுத்திட வேண்டும். அது அரசிடம் பதிவாகுமா? எந்தெந்தப் பிரிவில் எத்தனை மாதம் பழக்குவார்கள். கொள்முதலும் கையிருப்புக் கணக்கும் அதில் அடங்குமா, விற்பனை மட்டுந்தானா? முடிவில் தேர்வும் சான்றிதழும் உண்டா? விடை தயங்கித் தயங்கி வந்தால், அது பயிற்சி அன்று, வெறும் கூலிவேலை என்று கொள்ளுங்கள். கூலிவேலை இழிவன்று, ஆனால் அதற்குக் கூலிவேலைக்குரிய முழுச் சம்பளம் கேட்கலாம் அல்லவா?

இன்னொன்று. கடையில் நாள் முழுதும் நின்றே இருக்க வேண்டும் என்பது நெடுங்கால வழக்கம். கேரளம் 2018இலும், நம் மாநிலம் 2021இலும் கடைகள் பற்றிய சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று விதித்தன. கடைக்குப் போகும்போது விற்பனையாளர் பின்னால் ஒரு முக்காலியாவது கிடக்கிறதா என்று பாருங்கள். நான் இப்போதெல்லாம் பார்க்கிறேன். சில கடைகளில் இருக்கிறது.

என்னிடம் வந்த அந்த மாணவனுக்கு மேற்பார்வையாளர் வேலை கிடைக்கவில்லை. திருவொற்றியூர்த் தேரடிக்கு அருகே இப்போது சிறிய ஜவுளிக்கடை வைத்திருக்கிறான். இரண்டு பிள்ளைகளை வேலைக்குச் சேர்த்திருக்கிறான். அவர்கள் இன்ன நாள் சேர்ந்தார்கள், இன்னது கற்றார்கள் என்று தனியே ஒரு நோட்டில் எழுதி, மாதக் கடைசியில் அவர்களிடமே கையெழுத்து வாங்குகிறான். சென்ற தையில் அந்த நோட்டை எனக்குக் காட்டினான். சில எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன்.