ஒரு முள்ளுக்கு மூன்று எண்கள்



கணினி என்றவுடன் திரையும் தட்டச்சுப் பலகையுமே பலர் கண்முன் நிற்கின்றன. திரையில் எழுத்தைத் தோற்றுவித்தல் எளிது. ஆயின், ஒரு விளக்கை ஏற்றவும், நீரேற்றும் பொறியை நிறுத்தவும், நிலத்தின் ஈரத்தை அறியவும் வேண்டுமானால், கணினிக்குக் கையும் வேண்டும், செவியும் வேண்டும். ஒற்றைப் பலகைக் கணினியின் ஓரத்தில் வரிசையாக நிற்கும் சிறு முட்களே அதன் கையும் செவியும் ஆவன. கடைத்தெருவில் அவற்றைப் 'பின்' என்பர்.

இங்கிலாந்து நாட்டுக் கேம்பிரிட்சில், ஈபன் அப்டன் முதலானோர் 2009ஆம் ஆண்டில் ஓர் அறக்கட்டளையை நிறுவினர். கணினியியல் பயில வரும் மாணவர் கணினியைக் கையாள்வாரேயன்றி அதன் உள்ளியக்கம் அறிந்தாரல்லர் என்னும் கவலையே அம்முயற்சிக்கு வித்தாயிற்று. 2012 பிப்பிரவரி 29ஆம் நாள் 'இராசுபெரி பை' என்னும் உள்ளங்கையளவுக் கணினி வெளிவந்தது. முதலில் அதில் 26 முட்கள் இருந்தன. 2014 முதல் அவை 40 ஆயின.

இந்நாற்பதும் ஒருதன்மையன அல்ல. இரண்டு முட்கள் 5 வோல்ட்டு மின்சாரம் தருவன, இரண்டு 3.3 வோல்ட்டு தருவன, எட்டு நிலமுனைகள். எஞ்சிய 28 முட்களே நிரலின் ஆணைக்குப் பணிவன. அவற்றுள்ளும் இரண்டு, மேலே பொருத்தும் துணைப்பலகைகளை அடையாளங் காண்பதற்கென ஒதுக்கப்பட்டவை. ஆணைக்குப் பணியும் முள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. 5 வோல்ட்டை அதில் செலுத்தினால் சில்லு பழுதுறும்; பழுதுற்ற சில்லை மீட்டல் அரிது.

இனி, பெயர்க் குழப்பத்தைக் காண்க. ஒரு முள்ளுக்கு மூன்று எண்கள் வழங்குகின்றன. வரிசையில் எத்தனையாவது முள் என்பது ஓரெண். உள்ளிருக்கும் பிராட்காம் சில்லு அதற்கு இட்ட எண் மற்றொன்று. 'வயரிங்பை' என்னும் நிரலகம் தானே வகுத்துக்கொண்ட எண் மூன்றாவது. வரிசையில் 11ஆம் முள்ளே சில்லின் கணக்கில் 17. வயரிங்பையின் கணக்கில் சுழி!

இது வெறும் சொல்லாடலன்று. 'நான்காம் முள்' என ஒருவர் சொன்னால், சில்லின் கணக்கில் அது வரிசையின் 7ஆம் முள். வயரிங்பையின் கணக்கில் 16ஆம் முள். வரிசைக் கணக்கிலோ அது 5 வோல்ட்டு மின்சாரம் தரும் முள்! நான்காம் எண்ணுக்கும் நிலமுனைக்கும் இடையே ஓர் அழுத்துவிசையை இணைக்க எனச் சில்லின் கணக்கில் எழுதியதை, மாணவன் வரிசைக் கணக்காகக் கொண்டால் என்னாகும்? விசையை அழுத்திய நொடியே 5 வோல்ட்டும் நிலமுனையும் நேரே கூடும், குறுக்குச்சுற்று உண்டாகும். பொருளைப் பிழையாகப் பெயரிட்டால் பொருளே கெடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஆகவே, எந்தக் கணக்கில் எண்ணுகிறோம் என்பதை நிரலின் முதல் வரியிலேயே எழுதி வைத்தல் கட்டாயமாகும்.

நிரலகம் என்பதுதான் யாது? முள்ளை இயக்குவதற்குச் சில்லின் உட்பதிவகத்தில் உரிய இடத்தில் ஒன்றோ சுழியோ எழுதவேண்டும். அவ்விடங்களையெல்லாம் நினைவிற் கொள்வது கடினம். முன்னறிந்தார் சிலர் அவ்வேலையை ஒருமுறை செய்து, 'ஏற்று', 'அணை' என்பன போன்ற எளிய ஆணைகளாகத் தொகுத்து வைத்தனர். அத்தொகுப்பே நிரலகம்.

எளிமையால் நன்மையுண்டு, கண்மூடிச் சார்ந்தால் கேடுமுண்டு. வயரிங்பையை ஆக்கிய கார்டன் எண்டர்சன் 2019ஆம் ஆண்டில் அதன் பொதுவெளியீட்டை நிறுத்தினார். ஒருவர் தோளில் பலர் ஏற்றிய சுமை அது. பின்னர் வேறு சிலர் அதனை ஏற்றுப் பேணலாயினர். 2023ஆம் ஆண்டில் வெளிவந்த ஐந்தாம் இராசுபெரி பையில் மற்றொரு மாற்றம் நேர்ந்தது. முட்களை ஆளும் பொறுப்பு முதன்மைச் சில்லிலிருந்து 'ஆர்.பி.1' என்னும் தனிச் சில்லுக்கு மாறிற்று. பழைய சில்லின் நினைவக முகவரிகளில் நேரே எழுதிவந்த 'ஆர்.பி.ஐ.சிபிஐஓ' என்னும் புகழ்பெற்ற நிரலகம் அப்பலகையில் இயங்காதாயிற்று. வீடு மாறிய பின்னும் பழைய முகவரிக்கே மடல் விடுத்த கதையாயிற்று அது.

ஆனால், 'சிபிஐஓ சீரோ'வைக் கொண்டு எழுதிய நிரல்கள் பெரும்பாலும் மாற்றமின்றியே இயங்கின. ஏன்? அது முள்ளைத் தானே தொடுவதில்லை. அடியிலுள்ள வேறொரு நிரலகத்திடம் பணியை ஒப்படைக்கிறது. அடிநிரலகமோ இலினக்சு இயங்குதளத்தின் கருவினிடம் முறையாகக் கேட்டுப் பெறுகிறது. 2016 முதல் அக்கருவில் அதற்கெனத் தனிவழி அமைந்துள்ளது. அடிநிரலகத்தை மாற்றினால் போதும். மேலே எழுதிய நிரல் நிலைபெறும். சுவரைக் குடைந்து புகுந்தவன் வழி சுவர் மாறியதும் அடைபட்டது. வாயில் வழியே வந்தவன் வழி திறந்தே இருந்தது.

ஆசிரியப் பெருமக்கள் மாணவர்க்கு முதலில் கற்பிக்க வேண்டுவது நிரலகத்தின் பெயரையன்று, முள்ளின் இயல்பையே. ஒளியுமிழ் விளக்கை இணைக்கும்போது 330 ஓம் மின்தடை எதற்கு? சிவப்பு விளக்கு ஏறத்தாழ 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும், எஞ்சிய 1.3 வோல்ட்டை 330ஆல் வகுத்தால் 4 மில்லி ஆம்பியர் அளவே ஓடும். முள்ளும் தாங்கும், விளக்கும் தாங்கும். இக்கணக்கைப் போட்டறிந்த மாணவன் எந்த நிரலகம் மறைந்தாலும் கலங்கான்.

இன்னுமொன்று கூறி அமைவோம். பைத்தான் மொழியின் மூன்றாம் பதிப்பில் பொருள்களுக்குத் தமிழெழுத்திலேயே பெயரிடலாம். 17ஆம் முள்ளில் இணைத்ததற்கு 'விளக்கு' என்றே பெயர் சூட்டலாம், கணினி மறுப்பதில்லை. நிரலகத்தின் ஆணைச்சொற்கள் ஆங்கிலமாயினும், மாணவன் தான் படைத்த பொருளுக்குத் தன்மொழியில் பெயரிட்டு, அப்பெயர் எந்த முள்ளைக் குறிக்கிறது என்பதைத் தெளிவுற எழுதட்டும். பெயர் தெளிந்தால் பொருள் தெளியும். பொருள் தெளிந்தால் கை நடுங்காது.

முள்ளறிந்து பெயரிடுக! பெயரறிந்து இயக்குக!